கூட்ட நடவடிக்கைக் குறிப்பும் செயற்கை நுண்ணறிவும்

பலர் ஓரிடத்தில் கூடிப் பேசுவது எளிது. பேசியவற்றுள் எது முடிவு, எது யோசனை, எது ஆட்சேபம் எனப் பிரித்துப் பிழையற எழுதிவைப்பது அவ்வளவு எளிதன்று. கூட்டம் கலைந்த பின்னர், அங்கே நடந்ததற்குச் சான்றாக எஞ்சுவது நடவடிக்கைக் குறிப்பு ஒன்றே. வாய்க்கால் தூர் எடுப்பதற்குப் பணம் ஒதுக்கப்பட்டதா, வீட்டு உதவிப் பட்டியலில் ஒருவர் பெயர் சேர்க்கப்பட்டதா, ஒரு தீர்மானத்தை எவரேனும் எதிர்த்தனரா என்னும் வினாக்களுக்கெல்லாம் அதுவே விடை கூறும். குறிப்பில் இடம் பெறாத பேச்சு, காலப்போக்கில் பேசப்படாத பேச்சாகவே ஆகிவிடுகிறது.

இப்பணியில் மனிதருக்கு உதவும் பொருட்டு இப்பொழுது செயற்கை நுண்ணறிவுச் சாதனங்கள் வந்துள்ளன. அவை எவ்வாறு இயங்குகின்றன, எவ்விடங்களில் தவறுகின்றன, களப்பணியாளர் அவற்றை எவ்வாறு கையாளுதல் வேண்டும் என்பன இப்பாடத்தில் விளக்கப்படுகின்றன. விளக்கத்திற்கு உரிய நிலமாகப் பங்காருபேட்டை வட்டாரம் எடுத்துக்கொள்ளப்பட்டுள்ளது.

1. கிராம சபையும் ‘சபாசார்’ சாதனமும்

1992-ஆம் ஆண்டில் நிறைவேறி, 1993 ஏப்ரல் 24 முதல் நடைமுறைக்கு வந்த 73-ஆவது அரசியலமைப்புத் திருத்தம் கிராம சபைக்கு அரசியலமைப்பில் இடம் அளித்தது. கிராமத்தின் வாக்காளர் பட்டியலில் உள்ளோர் அனைவரும் அச்சபையின் அங்கத்தினர் ஆவர். அச்சபையின் கூட்டக் குறிப்புகளை எழுதுவது பஞ்சாயத்து ஊழியரின் கடமையாக இருந்து வருகிறது. கூட்டத்தை நடத்த உதவுவதும், கேள்விகளுக்கு விடை கூறுவதும், அதே வேளையில் அனைத்தையும் எழுதுவதும் ஒருவரே செய்ய நேரும்பொழுது, குறிப்பு சுருங்கிப் போவது இயல்பு. ‘விவாதிக்கப்பட்டு ஏகமனதாக நிறைவேற்றப்பட்டது’ என்னும் ஒரே வாக்கியம் பல பக்கங்களில் திரும்பத் திரும்பக் காணப்படுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

இக்குறையை நீக்கும் நோக்குடன் மத்திய பஞ்சாயத்து ராஜ் அமைச்சகம் 2025 ஆகஸ்டு 14 அன்று ‘சபாசார்’ என்னும் சாதனத்தைத் தொடங்கிவைத்தது. கிராம சபையின் ஒலிப்பதிவையோ ஒளிப்பதிவையோ பெற்று, அதிலிருந்து ஒழுங்குபட்ட நடவடிக்கைக் குறிப்பை இது தயாரிக்கிறது. பஞ்சாயத்து அலுவலர் தமது இ-கிராம்ஸ்வராஜ் கணக்கின் வாயிலாகவே இதனுட் புகலாம். திரிபுரா மாநிலத்துப் பஞ்சாயத்துகள் முதன்முதலாக இதனைப் பயன்படுத்த முன்வந்தன. 2022-இல் தொடங்கப்பெற்ற ‘பாஷினி’ என்னும் தேசிய மொழிபெயர்ப்புத் திட்டத்தின் மீது இது கட்டப்பட்டுள்ளது. தொடக்கத்தில் அறிவிக்கப்பட்ட 13 இந்திய மொழிகளுள் தமிழும் தெலுங்கும் அடங்கும்.

கிராம சபை மட்டுமன்றிப் பள்ளி மேலாண்மைக் குழு, சுய உதவிக் குழு, துறை அலுவலர்களின் மாதாந்தரக் கூட்டம் ஆகியவற்றுக்கும் இதையொத்த பொதுச் சாதனங்கள் உபயோகிக்கப்படுகின்றன. சாதனம் எதுவாயினும் அதன் அடிப்படை ஒன்றே.

2. ஒலி எழுத்தாக மாறும் விதம்

பேச்சு என்பது காற்றில் உண்டாகும் அதிர்வு. ஒலிவாங்கி அவ்வதிர்வை மின்சார ஏற்ற இறக்கமாக மாற்றுகிறது. அந்த ஏற்ற இறக்கம் வினாடிக்குப் பல்லாயிரம் முறை அளக்கப்பட்டு எண்களாகச் சேமிக்கப்படுகிறது. பேச்சை அறியும் சாதனங்களில் வினாடிக்கு 16,000 முறை அளப்பது வழக்கம். அவ்வாறாயின் இரண்டு மணி நேரக் கூட்டம் ஏறத்தாழ 11 கோடியே 52 லட்சம் எண்களாக யந்திரத்தை அடைகிறது.

இவ்வெண் வரிசை வினாடியின் நாற்பதில் ஒரு பங்கு அளவுள்ள சிறு துண்டுகளாகப் பிரிக்கப்படும். ஒவ்வொரு துண்டிலும் எந்தெந்த அதிர்வெண்கள் ஓங்கியுள்ளன என்பது கணக்கிடப்படும். முன்னரே ஆயிரக்கணக்கான மணி நேரப் பேச்சையும் அதற்குரிய எழுத்தையும் கண்டு பயிற்சி பெற்றுள்ள யந்திரம், இன்ன அதிர்வுக்கு இன்ன சொல் பொருந்தக்கூடும் என மதிப்பிடுகிறது. அது சொல்லை ‘அறிவது’ மனிதர் அறிவது போன்றதன்று. மிகவும் நிகழத்தக்க சொல் எது என்று அது கணிக்கிறது. அறிமுகமான சொல்லைச் சரியாகவும், அறியாத சொல்லைத் தான் அறிந்த மற்றொன்றாகவும் எழுதுவது இதனாலேயே.

இத்துறையின் முயற்சி புதியதன்று. 1952-இல் அமெரிக்காவின் பெல் ஆராய்ச்சிக்கூடத்தார் அமைத்த ‘ஆட்ரி’ என்னும் யந்திரம், ஒருவர் தனித்தனியே உச்சரித்த இலக்கங்களை மட்டும் அறிந்தது. சில ஆண்டுகள் கழித்து ஐ.பி.எம். நிறுவனத்தார் காட்டிய ‘ஷூபாக்ஸ்’ 16 சொற்களை அறிந்தது. அன்று 16 சொற்களோடு நின்ற யந்திரம் இன்று தொடர்ந்த பேச்சு முழுவதையும் எழுத முயல்கிறது.

3. சுருக்கம் பிறக்கும் விதம்

பேச்சு எழுத்தான பின்பு அதனைச் சுருக்குவது இரண்டாம் வேலை. இதற்கு இருவழிகள் உண்டு.

முதலாவது, தேர்ந்தெடுத்தல். 1958-இல் ஐ.பி.எம். நிறுவனத்தைச் சேர்ந்த லூன் என்பவர் இவ்வழியை வெளியிட்டார். ஒரு கட்டுரையில் அடிக்கடி வரும் முக்கியச் சொற்களை எண்ணி, அச்சொற்கள் செறிந்துள்ள வாக்கியங்களை மட்டும் பொறுக்கி எடுத்தால் சுருக்கம் கிடைக்கும் என்பது அவர் முறை. இதில் யந்திரம் புதிதாக எதையும் எழுதுவதில்லை.

இரண்டாவது, திரும்ப எழுதுதல். 2017-க்குப் பின் வளர்ந்த பெருமொழி மாதிரிகள் இவ்வழியைப் பின்பற்றுகின்றன. அவை முழுப் பேச்சையும் வாங்கிக்கொண்டு தம் சொந்த வாக்கியங்களால் சுருக்கம் எழுதுகின்றன. இவ்வாக்கியங்கள் திருத்தமாகவும் தெளிவாகவும் இருக்கும். ஆயினும் அபாயமும் அங்கேயே இருக்கிறது. தேர்ந்தெடுக்கும் யந்திரம் ஒன்றை விட்டுவிடலாமேயன்றி, இல்லாததைச் சேர்க்க இயலாது. எழுதும் யந்திரமோ இல்லாததையும் அழகாக எழுதக்கூடும்.

ஒலியை எழுத்தாக்கும் நிலையிலும் இவ்விதப் புனைவு நிகழ்வதுண்டு. ‘விஸ்பர்’ என்னும் பெயர்பெற்ற சாதனத்தைச் சோதித்த அமெரிக்க ஆராய்ச்சியாளர், தாங்கள் கொடுத்த ஒலித்துண்டுகளில் ஏறத்தாழ நூற்றில் ஒன்றில், எவரும் பேசாத சொற்றொடர்கள் எழுதப்பட்டிருந்ததை 2024-இல் வெளியிட்டனர். பேச்சினிடையே நீண்ட மௌனம் உள்ள இடங்களில் இக்குறை மிகுந்திருந்தது. நூற்றில் ஒன்று என்பது சிறு அளவே. எனினும் அந்த ஒன்று ஒரு தீர்மானத்தின் மீது விழுந்தால் விளைவு சிறிதன்று.

4. பங்காருபேட்டையின் மொழிநிலை

கோலார் மாவட்டத்தில், சென்னையையும் பெங்களூரையும் இணைக்கும் இருப்புப்பாதையில் உள்ள சந்திப்பு நிலையம் பங்காருபேட்டை. மைசூர்க் கமிஷனராக இருந்த பௌரிங் என்பவர் பெயரால் முன்னர் இது பௌரிங்பேட்டை என வழங்கிற்று. இங்கிருந்து பிரியும் கிளைப்பாதை கோலார் தங்கவயல் வழியே சென்று மாரிக்குப்பத்தில் முடிகிறது. சுரங்க வேலைக்காகத் தமிழ் மாவட்டங்களிலிருந்து வந்து குடியேறியவர்களின் வழித்தோன்றல்கள் இன்றும் இவ்வட்டாரத்தில் பெருந்தொகையினராக வாழ்கின்றனர். 2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கங்கள் மூடப்பட்ட பின்னரும் மக்களும் மொழியும் நீங்கவில்லை.

இங்கே அலுவலக மொழி கன்னடம். கிராமங்களில் தெலுங்கு மிகுதி. தமிழும் உருதுவும் நாள்தோறும் கேட்கப்படுவன. ஒருவரே ஒரு வாக்கியத்தில் இரண்டு மொழிகளைக் கலந்து பேசுவது இங்கு இயல்பு. தமிழில் பேசுவோரும் ஏரியைக் ‘கெரெ’ என்பர். நீர் வரத்துக் கால்வாயை ‘ராஜகாலுவே’ என்பர். நில உரிமைப் பதிவை ‘பஹணி’ என்பர். மேய்ச்சல் புறம்போக்கைக் ‘கோமாளா’ என்பர். இவை அரசாங்கக் காகிதங்களில் வழங்கும் சொற்களாதலின் மக்கள் பேச்சிலும் நிலைபெற்றுவிட்டன.

தமிழ்நாட்டுப் பேச்சைக் கொண்டு பயிற்சி பெற்ற யந்திரத்துக்கு இச்சொற்கள் புதியன. ‘கோமாளா நிலம்’ என்பதை அது ‘கோமாளி நிலம்’ என எழுதக்கூடும். படிப்பவர் நகைத்துவிட்டுத் திருத்திக்கொள்ளலாம். ஆனால் பிற பிழைகள் நகைப்பை உண்டாக்குவதில்லை. அவை சரியான வாக்கியம் போலவே தோன்றும். கவனத்திற்குரியவை அவையே.

5. பிழையின் அளவும் பிழையின் எடையும்

யந்திரம் எழுதியதில் எத்தனை சொற்கள் மாறியுள்ளன, விடுபட்டுள்ளன, மிகையாகச் சேர்ந்துள்ளன என்று கூட்டி, உண்மையில் பேசப்பட்ட சொற்களின் எண்ணிக்கையால் வகுத்தால் வருவது சொற்பிழை விகிதம். ஓர் உதாரணம் காணலாம். இது பாடத்திற்காக அமைக்கப்பட்டது.

பேசப்பட்டது: ‘கோமாளா நிலத்தில் கட்டிடம் கட்ட வேண்டாம்.’
எழுதப்பட்டது: ‘கோமாளி நிலத்தில் கட்டிடம் கட்ட வேண்டும்.’

ஐந்து சொற்களில் இரண்டு பிழை. விகிதம் நூற்றுக்கு 40. ஆனால் இவ்விரு பிழைகளும் சமமல்ல. முதற்பிழை எழுத்துப் பிழை போன்றது. இரண்டாவது, ஊராரின் ஆட்சேபத்தை அவர்தம் சம்மதமாக மாற்றிவிடுகிறது. விகிதம் பிழைகளை எண்ணுமே ஒழிய நிறுக்காது.

இவ்விடத்தில் தமிழின் அமைப்பைக் கருத வேண்டும். தமிழ் வாக்கியத்தில் வினைச்சொல் இறுதியில் நிற்கிறது; மறுப்பும் அவ்விறுதியிலேயே வருகிறது. ‘இத்திட்டத்தை ஒப்புக்கொள்வதாக நாங்கள் சொல்லவில்லை’ என்னும் வாக்கியத்தில் கடைசி அசைகள் கேளாமற் போனால் பொருள் தலைகீழாகும். பேசுவோர் வாக்கியத்தின் முடிவில் குரலைத் தாழ்த்துவது இயல்பு. அடுத்தவர் குறுக்கிட்டுப் பேசத் தொடங்குவதும் அந்த இடத்திலேயே. ஆகவே பொருளைத் தாங்கும் பகுதியே மிகவும் நலிவாகப் பதிவாகிறது. ‘வேண்டும்’ – ‘வேண்டாம்’, ‘செய்யலாம்’ – ‘செய்யலாமா’ ஆகிய இணைகளைக் குறிப்பில் எங்குக் கண்டாலும் ஒலிப்பதிவோடு ஒப்பிடுதல் நன்று.

அளவையும் கருதுக. நிமிடத்திற்கு 100 சொல் எனக் கொண்டால் இரண்டு மணி நேரக் கூட்டத்தில் 12,000 சொற்கள் பேசப்படும். நூற்றுக்குத் தொண்ணூறு சரியாக எழுதும் யந்திரமும் அதில் 1,200 சொற்களைப் பிழையாக எழுதியிருக்கும். அவை அனைத்தையும் தேடித் திருத்துதல் இயலாது, தேவையும் இல்லை. எடையுள்ள பிழைகள் எங்கே நிகழும் என அறிந்து அங்கே மட்டும் தேடுவதே அறிவுடைமை.

6. சுருக்கத்தில் மறையும் குரல்

சொற்கள் எல்லாம் சரியாக எழுதப்பட்டாலும் மற்றொரு குறை எஞ்சுகிறது. அடிக்கடி பேசப்பட்டதையே முக்கியமானது எனக் கொள்ளும் சாய்வு எல்லாச் சுருக்க முறைகளிலும் ஓரளவு உண்டு. நீண்ட நேரம் பேசியவரின் கருத்து சுருக்கத்தில் நிலைபெறும். ஒரே ஒரு முறை எழுந்து, ‘எங்கள் தெருக் குழாய்த் தண்ணீரைக் குடித்துப் பிள்ளைகளின் பற்கள் கறைபடுகின்றன’ என்று கூறிவிட்டு அமர்ந்த பெண்மணியின் சொல் விடுபடலாம். கோலார் மாவட்டத்து நிலத்தடி நீரில் பல இடங்களில் ஃப்ளூரைடு மிகுந்திருப்பது தெரிந்ததே. அப்பெண்மணியின் ஒற்றை வாக்கியம், அக்கூட்டத்தின் மற்ற பேச்சுகள் அனைத்தையும் விடப் பொதுச் சுகாதாரத்துக்கு முக்கியமானதாக இருக்கக்கூடும்.

தூரமும் இக்குறையை மிகைப்படுத்துகிறது. திறந்த வெளியில், பேசுபவருக்கும் ஒலிவாங்கிக்கும் உள்ள தூரம் இருமடங்கானால் ஒலியின் செறிவு நான்கில் ஒன்றாகக் குறையும். மேடை மீதுள்ள ஒலிவாங்கிக்கு அருகே தலைவர் அமர்ந்திருப்பார். பெண்களும் முதியோரும் பின்வரிசையில் இருப்பர். தலைவரினும் எட்டு மடங்கு தூரத்தில் இருப்பவர் அதே குரலில் பேசினும், அவர் பேச்சு அறுபத்து நான்கில் ஒரு பங்கு செறிவுடனேயே சென்று சேரும். யந்திரம் வேண்டுமென்று எவரையும் ஒதுக்குவதில்லை. கூட்டம் அமர்ந்திருக்கும் ஒழுங்கையே அது குறிப்பிலும் காட்டுகிறது.

தங்கவயலில் இதற்கு ஏற்ற ஓர் ஒப்புமை உண்டு. கனிக்கல்லைப் பொடித்துப் பொன்னைப் பிரித்தெடுத்த பின் எஞ்சிய மணல், ‘சயனைடு மேடுகள்’ என அழைக்கப்படும் குன்றுகளாக அங்கே குவிந்துள்ளது. கழிவெனத் தள்ளப்பட்ட அம்மணலிலும் சிறிதளவு பொன் தங்கியிருப்பது பின்னர்ச் சோதனைகளால் தெரிந்தது. கூட்டச் சுருக்கமும் அத்தகையதே. யந்திரம் எடுத்துக் கொடுத்ததை மட்டும் பார்த்தல் போதாது. அது விட்டுவிட்டதையும் ஒருமுறை சலித்துப் பார்த்தல் வேண்டும்.

7. களப்பணியாளர் கைக்கொள்ள வேண்டிய முறை

கூட்டத்திற்கு முன்:

(அ) பேச்சு பதிவு செய்யப்படுகிறது என்பதையும், பதிவு எதற்குப் பயன்படும் என்பதையும் மக்களின் மொழியில் அறிவிக்க வேண்டும்.
(ஆ) ஊர், தெரு, ஏரி ஆகியவற்றின் பெயர்களையும், வட்டார வழக்குச் சொற்களையும், திட்டங்களின் பெயர்களையும் ஒரு தாளில் எழுதிக்கொள்ளல் நலம். சாதனம் சொற்பட்டியலை ஏற்குமாயின் அதற்குக் கொடுக்கலாம். ஏற்காவிடினும் பின்னர்ச் சரிபார்க்க அப்பட்டியல் உதவும்.
(இ) ஒலிவாங்கியைப் பேசுபவரிடம் கொண்டுசெல்ல ஒருவரை நியமிக்க வேண்டும். கைபேசியில் பதிவு செய்வதாயின் அதனை ஒலிபெருக்கிக்கு எதிரில் வைத்தலாகாது.

கூட்டத்தின்போது:

(அ) பேசுபவர் தம் பெயரையும் தெருவையும் முதலிற் கூறும்படி செய்தல்.
(ஆ) ஒவ்வொரு பொருளும் முடிந்தவுடன் தலைவர் அதன் முடிவை, பதிவு மொழியில், முழு வாக்கியமாகத் திரும்பக் கூறுதல். தொகையை இருமுறை சொல்லுதல். எதிர்த்தோர் உளராயின் அதனையும் உரக்கக் கூறுதல். இவ்வொரு பழக்கமே பிழைகளுள் பெரும்பாலானவற்றை வேரோடு நீக்கும்.
(இ) பணியாளர் ஒருவர் முடிவுகளையும் ஆட்சேபங்களையும் மட்டும் கையால் சுருக்கமாக எழுதிவருதல். மின்தடை நேர்ந்தாலும் பதிவு கெட்டாலும் அதுவே காப்பு.

கூட்டத்திற்குப் பின்:

(அ) சுருக்கம் கேட்கும்பொழுது யந்திரத்துக்குத் தெளிவாகக் கட்டளையிட வேண்டும். முடிவுகள், பொறுப்பேற்றவர், கெடு தேதி, ஆட்சேபங்கள், முடிவாகாமல் நின்றவை என ஐந்து தலைப்புகளில் பிரிக்கச் சொல்லலாம். ஒவ்வொன்றும் பதிவில் எந்த நிமிடத்தில் வருகிறது எனக் குறிக்கச் சொன்னால் ஒப்பிடுவது எளிதாகும். பேசப்படாததைச் சேர்க்கலாகாது என்றும் கூறலாம். அவ்வாறு கூறிவிட்டமையால் அது சேர்க்காது என நம்பிவிடல் கூடாது.
(ஆ) பெயர், எண், மறுப்பு, முடிவு ஆகிய நான்கையும் ஒலிப்பதிவோடு ஒப்பிட வேண்டும். மற்றவற்றை ஒருமுறை வாசித்தால் போதும்.
(இ) கூட்டத்தில் மாறுபட்டுப் பேசியவர் ஒருவருக்கேனும் வரைவைப் படித்துக் காட்ட வேண்டும். தாம் கூறியது உள்ளதா என்பதை அவரைவிட நன்கு அறிபவர் இலர்.
(ஈ) திருத்திய பின்னரே கையொப்பமிட வேண்டும்.

ஒரு எச்சரிக்கையும் தேவை. நோய், கடன், குடும்பத் தகராறு, சாதி பற்றிய புகார் முதலியன கூட்டங்களில் பேசப்படுவதுண்டு. அத்தகைய பதிவுகளை, துறையின் அனுமதியில்லாத வெளிச் சாதனங்களில் ஏற்றலாகாது. தனிநபர் தகவல்களைக் காக்கும் பொருட்டு 2023-இல் சட்டம் இயற்றப்பட்டுள்ளமை நினைவிற்குரியது.

8. பயனும் எல்லையும்

இவ்வளவு காவல் வேண்டுமாயின் கையாலேயே எழுதிவிடலாமே என்று சிலர் கருதலாம். அது பொருந்தாது. கையால் எழுதிய குறிப்பிலும் எழுதுபவரின் மறதியும் விருப்பு வெறுப்பும் கலந்திருந்தன. ஆனால் அவற்றைச் சோதிக்க வழியில்லை. ஒலிப்பதிவும் முழு எழுத்தும் உள்ளபொழுது சோதிக்க வழி பிறக்கிறது. ‘நான் எதிர்த்தேன்’ என்று ஒருவர் கூறினால் அந்த நிமிடத்தைத் திறந்து கேட்கலாம். ஊழியரின் நேரம் மீதமாவதைக் காட்டினும் இதுவே பெரும் பயன். தெலுங்கில் பேசியவரின் கருத்தைத் தமிழ் மட்டும் அறிந்தவர் தம் மொழியில் படித்தறிய இயல்வதும், பங்காருபேட்டை போன்ற வட்டாரத்துக்குச் சிறிய நன்மையன்று.

எனினும் யந்திரம் கூட்டத்தில் அங்கத்தினர் அன்று. அதற்குக் கையொப்பமும் இல்லை. குறிப்பின் கீழ்ப் பெயரிடும் மனிதரே அதற்குப் பொறுப்பாளி. வரைவு எழுதும் உழைப்பை யந்திரத்திடம் விடலாம். அது சரிதான் என்று சான்று கூறும் கடமையை விட இயலாது.

ஆசிரியர்களுக்கான பயிற்சி

வகுப்பில் பத்து நிமிடக் கூட்டம் ஒன்றை நடத்துக. பள்ளித் தோட்டத்துக்கு நீர் பாய்ச்சும் முறை பற்றி மாணவர் பேசலாம். மூவர் தனித்தனியே குறிப்பு எழுதட்டும். கைபேசியிலும் பதிவு செய்து யந்திரச் சுருக்கம் பெறுக. பின்னர் நான்கையும் பலகையில் எழுதி, கீழ்வரும் வினாக்களுக்கு விடை காணச் செய்க.

1. நான்கு குறிப்புகளிலும் பொதுவாக உள்ள முடிவுகள் எவை?
2. ஒரே முறை கூறப்பட்ட கருத்து எதிலெதில் விடுபட்டது? அதனைக் கூறியவர் எங்கே அமர்ந்திருந்தார்?
3. யந்திரம் பிழையாக எழுதிய சொற்களுள் பொருளை மாற்றியவை எவை, மாற்றாதவை எவை?
4. எவரும் கூறாத வாக்கியம் எதிலேனும் உள்ளதா?
5. இந்நான்கனுள் எதில் கையொப்பமிட வகுப்பார் இசைவர்? கையொப்பமிடுமுன் எவற்றைத் திருத்துவர்?